ஒரு பிரவுசரில் போகும் படிவம் இன்னொன்றில் ஏன் நிற்கிறது? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

"அண்ணே, சப்மிட் போக மாட்டேங்குது" என்று சொன்னால், ஹட்டனோ தலவாக்கலையோ பண்டாரவளையோ, எந்த டவுன் கொமியூனிகேஷன் கடையிலும் வரும் முதல் பதில் "குரோம்ல போட்டுப் பாருங்க" என்பதுதான். பல நேரம் அது சரிவரும். ஆனால் ஏன் சரிவந்தது என்று யாருக்கும் தெரியாது, படிவத்தைச் செய்தவருக்கும் செய்தி போகாது, அடுத்த வாரம் அதே படிவம் இன்னொரு பிள்ளையின் போனில் அதே இடத்தில் நிற்கும். தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்து கடைசித் தேதியில் விண்ணப்பம் போடுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை, அந்த ஒரு வாய்ப்பே போய்விடலாம்.

இதை இரண்டு பேருக்காக எழுதுகிறேன். ஒருவர் படிவத்தைச் செய்து பராமரிப்பவர், மற்றவர் கடையிலோ பாடசாலையிலோ உட்கார்ந்து பிறருக்கு நிரப்பிக் கொடுப்பவர். இரண்டு பேரும் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில், எங்கே நின்றது?

"இந்த பிரவுசரில் வேலை செய்யாது" என்பதை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. படிவம் நிற்கக்கூடிய இடங்கள் மூன்று: பிரவுசருக்குள்ளேயே, போகிற வழியில், அல்லது சேர்வர், அதாவது படிவத்தை வாங்கும் தளத்தின் கணினி, வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியது. எது என்று தெரிந்துகொள்ளக் கணினியில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் என்ற பகுதியைத் திறந்து, பிரிசர்வ் லொக் என்ற பெட்டியில் டிக் போடுங்கள். பயர்பொக்ஸில் அதே வசதி பெர்சிஸ்ட் லொக்ஸ் என்ற பெயரில் இருக்கும். டிக் போடாவிட்டால் பக்கம் மாறும்போது பதிவெல்லாம் அழிந்துபோகும். அப்புறம் சப்மிட் பட்டனை அழுத்துங்கள்.

புதிய வரி ஒன்றுமே வரவில்லை என்றால் பிரவுசருக்குள்ளேயே நின்றுவிட்டது, பக்கத்திலேயே உள்ள கொன்சோல் என்ற பகுதியில் சிவப்பு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். வரி வந்து, எண் இல்லாமல் பெயில்ட் என்றோ பிளொக்ட் என்றோ காட்டினால் வழியில் நின்றிருக்கிறது. 400, 413, 419, 422, 500 மாதிரி ஒரு எண் வந்தால் சேர்வர் பதில் சொல்லிவிட்டது, அந்தப் பதிலைத் திறந்து வாசித்தால் காரணம் பாதி தெரிந்துவிடும்.

போனில்தான் பிழை வருகிறது என்றால் அன்ட்ரொய்ட் போனை யுஎஸ்பி வயரில் கணினியோடு இணைத்து, டெவலப்பர் ஒப்ஷன்ஸில் யுஎஸ்பி டிபக்கிங்கை ஒன் பண்ணி, கணினிக் குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்திலிருந்து போன் திரையையே பார்க்கலாம். ஐபோனுக்கு மெக் கணினி வேண்டும். இன்னொன்று: நம் நாட்டில் விற்கும் ஐபோனில் குரோம், பயர்பொக்ஸ் என்று எதைப் போட்டாலும் உள்ளே ஓடுவது சபாரியின் எஞ்சின்தான். ஆகவே சபாரியில் நின்ற படிவத்தை அதே ஐபோனின் குரோமில் போட்டுப் பார்ப்பதில் பெரும்பாலும் பயனில்லை.

அதற்குப் பிறகு பிரைவேட் விண்டோவில் ஒருமுறை. அதில் போனால் பெரும்பாலும் பழைய குக்கியோ (தளம் உங்களை அடையாளம் காண பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்பு) எக்ஸ்டென்ஷனோதான் (பிரவுசரில் சேர்த்த துணைக் கருவி) காரணம்.

"பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை"

அதிகம் வரும் முறைப்பாடு இது, நிரப்புகிறவரை அதிகம் குழப்புவதும் இதுதான், ஏனென்றால் பிழை என்று ஒரு சொல்லும் திரையில் வராது.

பெரும்பாலும் நான் முதலில் தேடுவது மறைந்திருக்கும் கட்டாயப் புலத்தை. "திருமணமானவரா?" என்ற கேள்விக்கு இல்லை என்று போட்டால் துணைவரின் பெயர் கேட்கும் பெட்டி மறைந்துவிடும், ஆனால் அதில் ரிக்வயர்ட் என்ற குறி அப்படியே இருக்கும். பிரவுசர் அந்த வெற்றுப் பெட்டியைக் காட்டி "இதை நிரப்புங்கள்" என்று சொல்லப் பார்க்கிறது, பெட்டி திரையில் இல்லாததால் காட்ட முடியாமல் அப்படியே நிறுத்திவிடுகிறது. கொன்சோலில் மட்டும் அந்தப் புலத்துக்கு ஃபோகஸ் கொடுக்க முடியவில்லை என்று ஒரு வரி இருக்கும். பெட்டியை மறைக்கும்போதே ரிக்வயர்டையும் எடுத்துவிடுங்கள், அல்லது புலத்தை டிசேபிள் பண்ணுங்கள், டிசேபிள் ஆன புலத்தை பிரவுசர் சரிபார்க்காது.

அடுத்தது பழைய பிரவுசர். பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் கேள்விக்குறியும் புள்ளியும் சேர்த்து எழுதும் ஒப்ஷனல் செயினிங் குரோமுக்கு வந்தது 2020இல், 80ஆம் பதிப்பில். எழுதியதன் வடிவத்தைச் சரிபார்க்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் லுக்பிஹைன்ட் என்ற வசதி சபாரிக்கு வந்தது 2023 மார்ச்சில், 16.4ஆம் பதிப்பில்தான். இதில் ஒன்று ஸ்கிரிப்ட் கோப்பில் ஒரே ஒரு இடத்தில் இருந்தாலும் பழைய பிரவுசர் அந்தக் கோப்பையே வாசிக்காமல் தள்ளிவிடும், பட்டனுக்கு வேலை கொடுக்கும் பகுதியும் அதோடு போய்விடும். அண்ணன் பாவித்துத் தம்பிக்குக் கொடுத்து அப்புறம் தங்கச்சிக்கு வந்த போன்தான் நம் பக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அந்த போனுக்கு அப்டேட் வருவது நின்று காலமாகியிருக்கும். செய்கிறவர்கள் பேபல் மாதிரி ஒரு கருவியைக் கொண்டு ஸ்கிரிப்டைப் பழைய வடிவத்துக்கு மாற்றுங்கள், லுக்பிஹைன்டை அது மாற்றாது என்பதால் அதைக் கையால் எடுத்துவிடுங்கள், அதைவிட முக்கியம், ஸ்கிரிப்ட் ஓடாவிட்டாலும் சாதாரண எச்டிஎம்எல் படிவமாக அது சேர்வருக்குப் போகும்படி கட்டுங்கள். அப்படிக் கட்டிய படிவம் ஸ்கிரிப்ட் ஓடாத பழைய போனிலும் போகும்.

டேட்டா மிச்சம் பிடிக்க ஒபேரா மினி பாவிப்பவர்களுக்கும் இதே கதை. எக்ஸ்ட்ரீம் என்ற டேட்டா சேமிப்பு முறையில் பக்கம் முதலில் ஒபேராவின் சேர்வரில் தயாராகி, சுருங்கி, பிறகுதான் போனுக்கு வருகிறது. ஸ்கிரிப்ட் போனில் முழுதாக ஓடாது, ஆகவே மாவட்டத்தைத் தேர்ந்தால் பிரதேச செயலகப் பட்டியல் மாறும் மாதிரியான படிவங்கள் அங்கே அசையாது. சேமிப்பு முறையை அணைத்துவிட்டுப் பக்கத்தை மீண்டும் திறக்கச் சொல்லுங்கள்.

பட்டன் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிறதா? இருமுறை அழுத்தாமல் இருக்க சப்மிட் ஆனதும் பட்டனை டிசேபிள் பண்ணும் வழக்கம் பலருக்கு இருக்கிறது. பயர்பொக்ஸ் அந்த நிலையை நினைவில் வைத்துக்கொண்டு பக்கத்தை ரீலோட் பண்ணினாலும் பட்டனை முடங்கியதாகவே காட்டும். பட்டனில் ஒட்டோகம்ப்ளீட் ஒஃப் என்று போட்டால் அது நிற்கும். பேக் அழுத்தித் திரும்பும்போதும் பிரவுசர் பக்கத்தைப் புதிதாக எடுக்காமல், முன்பு விட்ட நிலையிலேயே நினைவிலிருந்து எடுத்துக் காட்டுவது உண்டு. பேஜ்ஷோ என்ற நிகழ்வில் பட்டனை மீண்டும் திறந்துவிடுங்கள். டிசேபிள் செய்யும் வேலையைக் கிளிக் நிகழ்வில் வைக்கவே வேண்டாம், சில பிரவுசர்களில் பட்டன் முதலில் முடங்கி, படிவம் போகாமலே நின்றுவிடும். சப்மிட் நிகழ்வில் வையுங்கள்.

"எல்லாம் நிரப்பியாயிற்று, ஆனாலும் எல்லாவற்றையும் நிரப்பச் சொல்கிறது"

ஒரு பெட்டியைச் சொல்லாமல் எல்லாப் பெட்டியையும் சொன்னால் சேர்வருக்கு வந்து சேர்ந்தது வெற்று உறை என்று அர்த்தம். பிஎச்பி என்ற சேர்வர் மொழியில் செய்த தளமென்றால் முதலில் கோப்பின் அளவைப் பாருங்கள். இயல்பாக ஒரு கோப்புக்கு 2 எம்பி, மொத்தப் படிவத்துக்கு 8 எம்பி என்பதுதான் அதன் எல்லை. மொத்தம் 8 எம்பியைத் தாண்டினால் பிஎச்பி, படத்தை மட்டும் விடாமல் படிவம் முழுவதையுமே விட்டுவிடும், பெயர் முகவரி எல்லாம் சேர்ந்து. புதிய போனில் எடுத்த பிறப்புச் சான்றிதழ்ப் படமும் பெறுபேற்றுத் தாளும் சேர்ந்தால் 8 எம்பி வருவது பெரிய விஷயமே இல்லை. "குரோமில் போனது, சபாரியில் போகவில்லை" என்று சொல்லும்போது பல தடவை உண்மையில் மாறியது பிரவுசர் இல்லை, போனும் அதன் கமராவும்தான்.

படங்களே இல்லாத படிவத்தில் இது நடந்தால் ரீடைரக்டை, அதாவது சேர்வர் வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவதைப் பாருங்கள். படிவத்தின் முகவரி பழைய எச்டிடிபி முகவரியாக இருந்து, சேர்வர் அதை 301 என்ற பதிலோடு எச்டிடிபிஎஸ் பக்கம் திருப்பினால், போஸ்டாக (தரவை அனுப்பும் முறை) போனது கெட்டாக (பக்கத்தை மட்டும் கேட்கும் முறை) மாறி உள்ளே இருந்ததெல்லாம் வழியில் விழுந்துவிடும். நெட்வொர்க் பகுதியில் ஒரு போஸ்ட், அதன் கீழே ஒரு கெட் என்று இரண்டு வரிகள் அடுத்தடுத்துத் தெரியும். முகவரியை நேராக எச்டிடிபிஎஸ் என்று எழுதுங்கள். திருப்பியே ஆக வேண்டுமென்றால் 301க்குப் பதில் 308 என்று போடுங்கள்.

"சரியாகத்தான் அடித்தேன், தவறு என்கிறது"

அடையாள அட்டை இலக்கத்திலிருந்து ஆரம்பிப்போம். பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும், 2016 முதல் வரும் புதியதில் 12 இலக்கம். பெட்டிக்கு 10 எழுத்து எல்லை போட்டிருந்தால் புதிய அட்டைக்காரர் நிற்பார். அதை நம்பர் வகைப் பெட்டியாக வைத்திருந்தால் பழைய அட்டைக்காரர் நிற்பார், அதிலும் பிரவுசருக்குப் பிரவுசர் வேறு விதம்: குரோம் அந்த வி எழுத்தை அடிக்கவே விடாது, பயர்பொக்ஸ் நெடுங்காலம் அடிக்க விட்டது, ஆனால் உள்ளே மதிப்பு வெறுமையாகிவிடும், நிரப்பியவர் கண்ணுக்கு எல்லாம் சரியாக இருக்கும். சாதாரண டெக்ஸ்ட் பெட்டி வையுங்கள், இலக்க விசைப்பலகை வரும்படியும் வைக்க வேண்டாம், அதில் வி எழுத்து இருக்காது. சின்ன வி, பெரிய வி இரண்டையும் ஏற்று சேர்வரில் பெரியதாக்கிக் கொள்ளுங்கள்.

பெட்டியில் என்ன எழுதலாம் என்று சொல்லும் பேட்டர்ன் விதியிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2023 முதல் புதிய பிரவுசர்கள் அந்த விதியைக் கடுமையான யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீடு) முறையில் வாசிக்கின்றன. சதுர அடைப்புக்குறிக்குள் கடைசியில் வெறும் சிறுகோடு (-) ஒன்றை, முன்னால் பின்சாய்கோடு போடாமல் விட்டிருந்தால், விதியே பிழை என்று எடுத்து அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். பழைய பிரவுசர் தடுத்துத் திருத்தச் சொல்லும், புதியது அப்படியே அனுப்பும், சேர்வர் 422 என்று திருப்பும். புதிய பிரவுசரில்தான் பிழை வருகிறது என்று யாராவது சொன்னால் நம்புங்கள்.

தமிழில் பெயர் கேட்கும் படிவங்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 'எழுத்து மட்டும்' என்று யூனிகோட்டின் எழுத்து வகையை மட்டும் அனுமதித்தால் ஆங்கிலப் பெயர் போகும், தமிழ்ப் பெயர் போகாது. ஏனென்றால் கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் யூனிகோட்டில் குறி என்ற வேறு வகையில் இருக்கின்றன. 'நுவரெலியா' என்ற சொல்லையே எடுங்கள், கண்ணுக்கு 5 எழுத்து. கணினிக்கு 9, ஏனென்றால் உகரச் சுழியும் ஒற்றைக்கொம்பும் இகரச் சுழியும் காலும் தனித்தனி. எழுத்தைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 27 பைட். பெட்டியின் எல்லை 9 என்ற கணக்கைப் பார்க்கிறது, பின்னால் இருக்கும் டேட்டாபேஸ் பைட்டைப் பார்த்தால் 27. அப்பாவின் பெயரோடு சேர்த்து முழுப் பெயர் எழுதும்போது 100 என்ற எல்லை எவ்வளவு சீக்கிரம் முடியும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். எழுத்து வகையோடு குறி வகையையும் சேருங்கள், எல்லையைத் தாராளமாக வையுங்கள். நம் பெயரை நம் எழுத்தில் எழுதியதற்காக ஒரு படிவம் நம்மைத் தடுக்கக் கூடாது.

முகவரிப் பெட்டியில் என்டர் தட்டி வரி வரியாக எழுதினால் ஒவ்வொரு வரி முடிவும் பிரவுசர் கணக்கில் ஒன்று, அனுப்பும்போது இரண்டு. எல்லையை ஒட்டி எழுதியவர் அங்கே மாட்டுவார். தோட்ட முகவரிக்குத் தெருப் பெயர் இல்லை, லயமும் டிவிஷனும்தான் இருக்கும் என்பதையும் நினைவில் வைத்துத் தெருப் பெயரைக் கட்டாயம் என்று போடாமல் விடுங்கள்.

மாதம் தேர்ந்தெடுக்கும் வகைப் பெட்டி கணினிக் குரோமில் அழகாக வரும், கணினியின் பயர்பொக்ஸிலும் சபாரியிலும் வெறும் எழுத்துப் பெட்டிதான். அங்கே ஒருவர் "மே 2024" என்று எழுதுவார், சேர்வர் ஆண்டும் மாதமும் கோடு போட்டு வரவேண்டும் என்று காத்திருக்கும். ஆண்டுக்கு ஒரு பட்டியல், மாதத்துக்கு ஒரு பட்டியல் வைத்தால் பிரச்சினை தீர்ந்தது.

"படம் ஏறவில்லை"

413 என்ற எண் வந்தால் அளவு. என்ஜின்எக்ஸ் என்ற சேர்வர் மென்பொருளின் இயல்பு எல்லை 1 எம்பிதான், பிஎச்பியில் கூட்டிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். ஐபோன் படம் மறுக்கப்பட்டால் கோப்பின் பெயர் எச்இஐசி என்று முடிகிறதா பாருங்கள், 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் கமரா இயல்பாக அந்த வடிவில்தான் சேமிக்கிறது. போட்டோஸிலிருந்து தேர்ந்தால் சபாரி பெரும்பாலும் ஜேபெக்காக மாற்றிக் கொடுக்கும், ஃபைல்ஸிலிருந்து எடுத்தால் அப்படியே போகும். அன்ட்ரொய்ட் குரோமில் கூகுள் டிரைவிலிருந்து நேராகத் தேர்ந்த கோப்பு, அப்லோட் ஃபைல் சேன்ஞ்ட் என்ற பிழையோடு நிற்பதுண்டு. கோப்பை முதலில் போனுக்குள் இறக்கிவிட்டு அங்கிருந்து தேர்ந்தெடுங்கள்.

"காசு கட்டியாயிற்று, திரும்பி வந்தால் லொகின் கேட்கிறது"

காசு போன பிறகு வரும் பிழை என்பதால் இதை எல்லாவற்றுக்கும் முன்னால் திருத்தச் சொல்வேன். நடப்பது இதுதான்: கட்டணப் பக்கம் வேறு தளம், அட்டை இலக்கம் கொடுத்து ஓடிபி போட்டதும் அது போஸ்ட் முறையில் உங்கள் தளத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. 2020இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு, வேறு தளத்திலிருந்து வரும்போது அனுப்பலாமா என்று சொல்லும் சேம்சைட் என்ற குறிப்பு இல்லாத குக்கியை குரோம் லக்ஸ் என்று எடுத்துக்கொள்ளும், வேறு தளத்திலிருந்து வரும் போஸ்டோடு அந்தக் குக்கியை அனுப்பாது. லொகின் ஆனவரை நினைவில் வைக்கும் செஷன் குக்கி இல்லாவிட்டால் உங்கள் தளத்துக்கு அவர் யாரென்றே தெரியாது. பயர்பொக்ஸும் சபாரியும் அந்த இயல்பை குரோம் மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை, அதனால் "பயர்பொக்ஸில் போகிறது, குரோமில் போகவில்லை" என்று வழக்கத்துக்கு மாறான முறைப்பாடு வரும்.

இதைப் பிடிப்பது கஷ்டமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. குக்கி உருவாகி 2 நிமிடத்துக்குள் திரும்பி வந்தால் குரோம் விதிவிலக்காக அனுப்பிவிடும். அலுவலகத்தில் வேகமான இணைப்பில் சோதிப்பவர் அந்த 2 நிமிடத்துக்குள் முடித்துவிடுவார், அவருக்கு எல்லாம் சரி. மஸ்கெலியாவில் ஓடிபி எஸ்எம்எஸ் வரும் வரை சிக்னல் தேடி வாசலுக்குப் போய் நிற்பவருக்குத்தான் பிழை வரும். சோதிக்கும்போது கட்டணப் பக்கத்தில் வேண்டுமென்றே சில நிமிடம் பொறுத்திருங்கள். திருத்த இரண்டு வழி: அந்தக் குக்கிக்கு சேம்சைட் நன், செக்யூர் என்று இரண்டையும் சேர்த்துப் போடுவது, அல்லது திரும்பி வரும் பக்கம் செஷனை நம்பாமல் விண்ணப்ப இலக்கத்தை வைத்துக் கட்டணத்தை சேர்வருக்கு சேர்வர் சரிபார்ப்பது. இரண்டாவதுதான் நல்லது. நிரப்பிக் கொடுப்பவர்களே, இந்த நிலையில் இரண்டாவது முறை காசு கட்ட வைக்காதீர்கள், வங்கி எஸ்எம்எஸ்ஸின் படத்தை எடுத்து வைத்துவிட்டு விசாரியுங்கள்.

"பக்கம் காலாவதியாகிவிட்டது", 419, 403

நீண்ட படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது கிராம சேவகரின் கடிதத்தைத் தேடி எழும்பினால் செஷன் முடிந்துபோகும். பிஎச்பியின் இயல்பு 1440 விநாடி, அதாவது 24 நிமிடம், பிஎச்பியில் தளம் கட்டப் பாவிக்கும் லாரவெல்லில் 120 நிமிடம். குறிப்பிட்ட பிரவுசரில் மட்டும் உடனேயே இது வந்தால் குக்கி தடுக்கப்படுகிறது. படிவம் வேறு தளத்துக்குள் ஐஃபிரேமாக ஒட்டப்பட்டிருந்தால் சபாரி 2020 மார்ச் முதல் அந்தக் குக்கியை முற்றாகத் தடுக்கிறது, படிவத்தைத் தனிப் பக்கமாகத் திறக்கும் இணைப்பு ஒன்றையும் கொடுங்கள். பேஸ்புக்கில் பகிர்ந்த இணைப்பைத் தட்டினால் அதன் உள் பிரவுசர்தான் திறக்கும், அங்கே உங்கள் குரோமின் லொகின் இருக்காது. மூன்று புள்ளியைத் தட்டி வெளிப் பிரவுசரில் திறங்கள்.

"இணைப்பு பாதுகாப்பானதல்ல"

போனின் தேதியைப் பாருங்கள், பற்றரி முழுதாக இறங்கிய பழைய போனில் தேதி பின்னால் போயிருக்கும். தேதி சரி, அன்ட்ரொய்ட் 7.1.1க்கு முந்தியது என்றால் பல தளங்கள் பாவிக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் பாதுகாப்புச் சான்றிதழை நம்பவைக்கும் மூல வேர் அந்த போனில் இல்லை, பழைய போன்களுக்காக வைத்திருந்த மாற்று வழியும் 2024 செப்டெம்பர் 30ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அந்த போன்களில் ஓடும் பழைய குரோம், நம்பத்தக்க சான்றிதழ்களுக்குப் பெரும்பாலும் போனின் பட்டியலையே பார்ப்பதால் நிற்கும், பயர்பொக்ஸ் தன் பட்டியலைத் தானே வைத்திருப்பதால் போகும். இந்த ஒரு இடத்தில் "குரோம்ல போடுங்க" என்பது தலைகீழ்.

தளக்காரருக்கு எழுதும்போது

பிரவுசரின் பெயரும் பதிப்பும், போன் மாதிரி, நடந்த நேரம், எந்தப் பட்டனை அழுத்தியபோது என்ன வந்தது, நெட்வொர்க் பகுதியில் தெரிந்த எண். இவ்வளவு இருந்தால் செய்தவர் தன் சேர்வர் பதிவில் அந்த நேரத்தைத் தேடிப் பிடித்துவிடலாம். முழு நெட்வொர்க் பதிவையும் கோப்பாக அனுப்பச் சொன்னால் கவனம், நிரப்பியவரின் அடையாள அட்டை இலக்கம், பாஸ்வேர்ட், லொகின் குக்கி எல்லாம் அதற்குள் திறந்தபடியே இருக்கலாம். பொய்யான விவரம் போட்டு அதே பிழையை வரவழைத்து, அந்தப் பதிவை அனுப்புங்கள். அனுப்பியதும் கடைக் கணினியிலிருந்து கோப்பை அழித்துவிட்டு, லொகினிலிருந்தும் வெளியேறுங்கள்.